அறுபத்து மூன்றரை வாட் அப்பா

கல்லங்குறிச்சி பெருமாள் கோவில் மண்டபம்,
16-9-89, ஆவணி கடைசிச் சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர் வேணுகோபால் அவர்களுக்கு, அரியலூர் குருநாதன் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அக்கா முத்தாயி, மகள் கண்ணகி மூவரும் சுகம். கம்ப்யூட்டருக்கு மட்டும் சுகமில்லை. சென்னையில் நீங்களும் தங்கச்சி பூங்காவனமும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுமென்று பெருமாளிடம் ஒரு விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.

முப்பது வருடமாகத் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறவன் கையால் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். வீட்டில் டைப் அடித்தால் சத்தம் கேட்டுக் கண்ணகி எட்டிப் பார்ப்பாள். இந்தக் கடிதம் அவள் கண்ணில் படக் கூடாது. அதனால் சனிக்கிழமை, பெருமாள் சேவை என்று சொல்லி, சைக்கிளை மிதித்துக்கொண்டு இங்கே வந்து தூணோடு தூணாக உட்கார்ந்திருக்கிறேன். புரோகிதர் ஒருவர் இரண்டு தடவை வந்து, ஜாதகம் எழுதுகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம், என்னுடைய ஜாதகம்தான் என்றேன். பாவம் போல் பார்த்தார்.

விஷயம் உங்களுக்குப் பாதி தெரியும். கண்ணகி திருச்சியில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு வந்ததும், வீட்டு முன்னறைப் பயிலகத்தில் நாலு டைப்ரைட்டர் இருந்த இடத்தில் அஞ்சாவதாக ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வைத்தேன். "கணினி வகுப்பும் உண்டு" என்று போர்டில் சிவப்பு பெயின்ட்டில் சேர்த்தேன். அதற்குள் அவளுக்கு உங்கள் ஊர்க் கம்பெனியிலிருந்து வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. அக்டோபர் நாலாம் தேதி சேர வேண்டும், உங்கள் வீட்டில் தங்கிக்கொள்வதாகப் பேச்சு. எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதைப் பார்த்து அவளே ஒரு வழி சொன்னாள். "ரெண்டு பிளாப்பிய வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லிக் குடுக்க முடியலப்பா. மாமா குடுத்த ஹார்டு டிஸ்க்க மாட்டி அது ஓடுச்சுன்னா நான் இங்கியே இருந்து கிளாஸ் எடுக்கறேன். ஓடலன்னா மெட்ராஸ் போறேன்." இதில் முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது.

உங்கள் ஆபீசில் கழித்துப் போட்டதை நீங்கள் வாங்கி, துணி சுற்றி, சித்திரையில் கொண்டு வந்து கொடுத்தீர்களே, அந்த ஹார்டு டிஸ்க்தான். கூடவே ஒரு சீட்டும் எழுதி வைத்தீர்கள்: "மாமா, பவர் சப்ளை பத்தாது. அதை மாற்றாமல் இதை மாட்ட வேண்டாம்." படித்தேன். நன்றாகவே படித்தேன். நம்மிடம் ஒருத்தன் பவர் என்று சொன்னால் என்ன அர்த்தம்? அயர்ன் பாக்ஸும் வாட்டர் ஹீட்டரும் சொருகுகிற பெரிய ஓட்டை பிளக்தானே பவர் பிளக்? சின்ன பிளக்கில் சொருகியிருக்கிறோம், மைத்துனர் கண்டுபிடித்துவிட்டார் என்று உங்களை மெச்சிக்கொண்டு, வயர்மேன் அரியமுத்துவைக் கூப்பிட்டு, சுவரை உடைத்து, தடி வயர் இழுத்து, கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஒரு பவர் பிளக் போட்டேன். மஞ்சள் குங்குமமும் வைத்தேன். அப்புறம் கண்ணகி குளிக்கப் போன நேரம் பார்த்து ஹார்டு டிஸ்க்கை நானே மாட்டி சுவிட்சைத் தட்டினேன். உய்ய்ய் என்று ஒரு சத்தம் மேலே ஏறியது, பாதியில் மூச்சு முட்டினாற்போல் நின்றது, டப்பென்று எல்லாம் அணைந்தது, மறுபடி அதுவாகவே எழுந்தது, மறுபடி ஏறியது, மறுபடி அணைந்தது. முதல் மாடி ஏறும் என் நடை மாதிரியே இருந்தது.

வீட்டில் வேறு எதுவோ கரண்டை இழுக்கிறது என்று முடிவு கட்டினேன். டியூப் லைட்டை அணைத்தேன். பேனை நிறுத்தினேன். உங்கள் அக்காவிடம் மிக்ஸி போடாதே என்றேன். அவள் அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டே, "பக்கத்து வூட்டு மிக்ஸியும் நிறுத்தச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது என்பதை இப்போது எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன்.

தலை துவட்டிக்கொண்டு வந்த கண்ணகிதான் என்னை நிறுத்தி உட்கார வைத்து விளக்கினாள். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தகரப் பெட்டி இருக்கிறதாம். சுவரிலிருந்து வருகிற கரண்டை அது வாங்கி, பதமாக்கி, உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் பங்கு வைத்துக் கொடுக்குமாம். அதற்குத்தான் பவர் சப்ளை என்று பெயராம். நம்முடைய பெட்டியின் மேல் அறுபத்து மூன்றரை வாட் என்று ஒட்டியிருந்தது. அறுபத்து மூவர் சரி, அது என்ன அரை என்று கேட்டேன். அவள் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டாள். மதர் போர்டுக்கு முப்பது, பிளாப்பி இரண்டுக்கும் சேர்த்து இருபது, திரைக்கான கார்டுக்குப் பத்து, ஹார்டு டிஸ்க் சுற்றக் கிளம்பும்போது முப்பது. ஆகத் தொண்ணூறு. "இருக்கறது அறுபத்து மூணு, கேக்கறது தொண்ணூறு. நூத்தி அம்பது வாட் பெட்டியா வாங்கிட்டா கவல இல்லப்பா" என்றாள். உங்கள் அக்கா உள்ளேயிருந்தே, "சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். முப்பது வருடம் சம்பாதித்த மரியாதை எனக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மாப்பிள்ளை.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நான் விடவில்லை. தொண்ணூறுக்கு நூறு வாங்கினால் போதாதா, நூற்றைம்பதை உள்ளே விட்டால் மீதி அறுபதும் எங்கே போகும், மெஷினைச் சுட்டுவிடாதா என்று சண்டைக்கு நின்றேன். அரியமுத்துவும் என் கட்சி. "ஆமாங்க சார், தேவைக்கு மேல உட்டா ஒடம்பு தாங்காதுங்க" என்றான். கண்ணகி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏரி பெருசா இருந்தா வயலு முழுகிடுமாப்பா? மடையத் தொறந்த அளவுதான தண்ணி வரும்" என்று கேட்டாள். அரியமுத்து உடனே கட்சி மாறிவிட்டான். விவசாயக் குடும்பம், மடை என்றதும் புரிந்துவிட்டது. எனக்குப் புரிய இரண்டு நாள் ஆயிற்று.

பெட்டிக்கு எங்கே போவது? அதுவும் தானாகவே கூடி வந்தது. நம்ம பயிலகத்தில் டைப் பழகிய லப்பைக்குடிக்காட்டுச் சம்சுதீன் அரபு தேசத்தில், தமாமில் ஒரு ஆபீசில் இருக்கிறானே, அவன் லீவில் வருகிறான் என்று தெரிந்து கண்ணகி கடிதம் போட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை செண்டு வாசனையோடு வந்து இறங்கினான். "அல்லா கிருபையில உங்ககிட்ட பழகுன டைப்புலதான் சார் அங்க சோறு திங்கறேன்" என்று சொல்லி, கம்பளிக்குள்ளிருந்து நூற்றைம்பது வாட் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. போகும்போது ஒன்று சொன்னான்: "சார், இது எந்த ஊரு கரண்டுக்கும் ஆவும். பின்னாடி ஒரு செவப்புப் பொத்தான் இருக்கு, ஒரு பக்கம் 115, ஒரு பக்கம் 230. நான் 230-ல வெச்சிருக்கேன். அத யாரும் தொட வாணாம்." தொட வேண்டாம் என்று சொன்னதால்தான் அப்படி ஒரு பொத்தான் இருப்பதே எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு மத்தியானமே கண்ணகி நாலு திருகாணியைக் கழற்றி, பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள். உய்ய்ய் என்று ஏறியது, ஏறிக்கொண்டே போய், அப்படியே நிலைத்து நின்றது. "ஓடுதுப்பா!" என்று சிரித்தாள். நாளைக்கு அம்மாவோடு செயங்கொண்டம் வளைகாப்புக்குப் போய்விட்டு, புதன்கிழமை வந்ததும் கிளாஸ் ஆரம்பிக்கிறேன், மெட்ராசுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிடுகிறேன் என்றாள். மாப்பிள்ளை, என் ஆயுசில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்ததில்லை. கையில் கிடைத்த வெண்ணெய். புதன்கிழமை வரை அதை உருகாமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு இருந்த ஒரே வேலை.

திங்கட்கிழமை அவர்கள் பஸ் ஏறினார்கள். அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு எனக்குக் கை பரபரத்தது. மகள் இல்லாத நேரத்தில் நானே ஓட்டிப் பழகி, புதன்கிழமை அவள் வந்ததும் அசத்திவிட வேண்டும் என்று ஆசை. சுவிட்சைப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் அத்தனை கிணற்றிலும் மோட்டார் ஓடுகிற நேரம். நம் வீட்டு பல்பு பூசணிப் பழம் போல் சிவந்து தொங்கிக்கொண்டிருந்தது. டியூப் லைட் ஸ்டார்ட்டரைப் பிடுங்கிச் சொருகினாலும் எரியவில்லை. அரியமுத்து வந்து மீட்டரை வைத்துப் பார்த்து, "நூத்தி முப்பதுதாங்க சார் வருது" என்றான். எனக்கு மண்டைக்குள் பளிச்சென்றது. மிஷினின் பின்னால் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். 115. 230. நூற்று முப்பதுக்கு எது பக்கம்? நீங்களே சொல்லுங்கள். சம்சுதீன் இருக்கிற ஊரில் இருநூற்று முப்பது வரலாம், எண்ணெய் விளைகிற ஊர். நம்ம ஊருக்கு ஏது? இல்லாததை இருக்கிறது என்று எழுதி வைப்பது பொய்க்கணக்கு இல்லையா? அரியமுத்து பொத்தானைத் தடவிப் பார்த்து, "நம்ம ஊருக்குன்னே ஒரு நம்பர் போட்டு அனுப்பிருக்கான் பாருங்க சார் வெள்ளக்காரன்!" என்று வியந்தான். பேனா மூடியால் தள்ளி 115-இல் வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். உய்ய்ய் என்று ஏறி, கம்பீரமாக நின்றது. நானும் அரியமுத்துவும் கை குலுக்கிக்கொண்டோம். படித்த பிள்ளைக்குத் தெரியாததை அனுபவம் கண்டுபிடித்துவிட்டது என்று வாய்விட்டே சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு. பதினோரு பிள்ளைகள். டைப்பை எல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைச் சுற்றி நிற்க வைத்து, இதுதான் ஹார்டு டிஸ்க், பத்தாயிரம் பக்கத்தை இது நினைவில் வைத்துக்கொள்ளும், என்னால் பத்து வரியை வைத்துக்கொள்ள முடியாது என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். மணி பதினொன்று ஆயிற்று. பதினோரு மணிக்குத்தான் மோட்டாருக்கு விடுகிற மும்முனைக் கரண்டை நிறுத்துவார்கள், வீடுகளுக்கு இருநூற்று முப்பதும் முழுசாக வரும் என்பது எனக்குத் தெரியாததா? அரியலூரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். தலைக்கு மேல் ஆடி அசைந்துகொண்டிருந்த பேன் திடீரென்று வேகம் எடுத்தது. டியூப் லைட் ஜம்மென்று எரிந்தது. காற்று வந்ததும் பிள்ளைகள் எல்லாம் அப்பாடா என்றார்கள். நானும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அப்பாடா என்றேன். அந்த அப்பாடாவில் "டா" வருவதற்கு முன்னால் டமார் என்று ஒரு வெடி. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து நீலமாக ஒரு பொறி, வெள்ளையாகப் புகை, எலி செத்த மாதிரியும் மீன் கருகின மாதிரியும் ஒரு நாற்றம். பதினோரு பேரில் பத்துப் பேர் தெருவில் இருந்தார்கள். மிச்சமிருந்த பொன்னாயி என்கிற பிள்ளை மட்டும் நோட்டும் பென்சிலுமாக நின்று, "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டது.

நூற்றைம்பது வாட் போதுமா, நூறு போதுமா என்று நாள்கணக்கில் மயிர் பிளக்க விவாதித்தவன், வாங்கின பெட்டியை இரண்டே ராத்திரி தங்கவைத்து மூன்றாம் நாள் பொசுக்கிவிட்டேன். தொடாதே என்றதைத் தொட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று சொல்வார்களே, அந்த ஆண்டிக்கு அரியலூரில் தட்டச்சுப் பயிலகம்.

புதன்கிழமை கண்ணகி வந்தாள். கம்ப்யூட்டருக்கு மேல் உங்கள் அக்காவின் பழைய பட்டுப் புடவையைப் போர்த்தி, பூ வைத்து, அறை தெரியாத அளவுக்குச் சாம்பிராணி போட்டிருந்தேன். பூசை முடியாமல் திறக்கக் கூடாது, புரட்டாசி பிறக்கட்டும் என்றேன். "என்னப்பா நாத்தம்?" என்றாள். சாம்பிராணி மட்டம் என்றேன். இன்றோடு நாலு நாளாகக் காலை மாலை இரண்டு வேளையும் சாம்பிராணி. உங்கள் அக்கா, வயசான காலத்தில் இவருக்கு இப்பத்தான் பக்தி வந்திருக்கு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கண்ணகி ஒன்றும் கேட்கவில்லை. மெட்ராசுக்கு வரவில்லை என்று எழுதுகிறேன் என்றவள், இன்னும் எழுதவும் இல்லை.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, ரிச்சி தெருவிலோ எங்கேயோ அலைந்து, அதே மாதிரி நூற்றைம்பது வாட் பெட்டி ஒன்று வாங்கி, தெரிந்த ஆள் யாராவது வந்தால் கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் அந்தப் பொத்தான் இல்லாததாகப் பாருங்கள். இரண்டாவதுதான் கொஞ்சம் சங்கடம். பெட்டி வர நாளாகிவிட்டால் பிள்ளை கிளம்பிவிடுவாள். அதனால் நீங்கள் அவளுக்கு ஒரு கார்டு போட வேண்டும். வீட்டில் இடமில்லை, ஓட்டு வீடு ஒழுகுகிறது, தண்ணி லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் வருகிறது, பிள்ளைகளுக்கு அம்மை என்று எது தோன்றுகிறதோ எழுதுங்கள். நான் சொல்லி எழுதியதாகத் தெரியக் கூடாது. பயிலகம் ஓட வேண்டும் என்பதெல்லாம் வெளிப்பேச்சு மாப்பிள்ளை. சாயங்காலம் பயிலகத்தைப் பூட்டிவிட்டு அவளும் நானும் சேர்ந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிற அந்த அஞ்சு நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவும். அதை யாரிடம் சொல்வது? உங்களிடம்தான் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதத்தையும், தங்கச்சி பூங்காவனத்துக்கு அன்பையும் சொல்லுங்கள். கலியுக வரதராசப் பெருமாள் உங்கள் குடும்பத்தை நிறைவாகவும் உங்கள் வீட்டு வோல்டேஜை நிதானமாகவும் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
மின்சாரத்துக்குப் பயந்த,
குருநாதன்

பின்குறிப்பு (ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து): மேலே எழுதியிருப்பது எதையும் செய்ய வேண்டாம்.

நேற்றுத் தபாலாபீஸ் மூடிவிட்டதால் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டேன். உங்கள் அக்கா சட்டையை ஊற வைக்க எடுத்தவள், பையிலிருந்த தாளைப் பார்த்து, ரேஷன் கார்டு விஷயமோ என்னவோ என்று கண்ணகியிடம் கொடுத்து, "அப்பா எழுத்து எனக்குப் புரியாது, நீ படி" என்றிருக்கிறாள். நான் உள்ளே நுழையும்போது கண்ணகி தரையில் உட்கார்ந்து, பேன் வேகம் எடுத்த இடத்தைப் படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெடித்தது அவளுக்குப் புதன்கிழமையே தெரியுமாம். பெட்டியை முகர்ந்தே பார்த்தாளாம். பெட்டி மட்டும்தான் போயிருக்கிறது, மெஷினும் டிஸ்க்கும் பிழைத்துக்கொண்டன என்று பார்த்தும் வைத்திருக்கிறாள். நானாகச் சொல்லட்டும் என்று சாம்பிராணிப் புகையில் இருமிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

அப்புறம் கடைசித் தாளுக்கு வந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "மாமா வூட்டுல எடமில்லன்னு எழுதச் சொல்லிருக்கீங்களேப்பா. எங்கிட்ட போவாதன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?" என்றாள். சொன்னால் இருந்திருப்பாயா என்று கேட்டேன். "இருந்துருப்பேன்" என்றாள். உனக்கு இருக்க ஆசையா, போக ஆசையா என்று கேட்டேன். "போவத்தாம்பா ஆசை" என்றாள். சரி இருந்துவிடேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன் மாப்பிள்ளை, சத்தியமாக. "எந்த வண்டிக்குப் போறே?" என்று வந்துவிட்டது. எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. உங்கள் அக்கா அடுப்படியிலிருந்து, "பகல் வண்டிக்கே போவட்டும்" என்றாள்.

அக்டோபர் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை, பகல் வண்டி. எழும்பூருக்கு நீங்களே வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். புதிதாக ஒரு கடிதம் எழுதலாம் என்று பார்த்தேன்; இதையே அனுப்புங்கப்பா, மாமாவும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று அவள்தான் உறையில் போட்டு ஒட்டப் போகிறாள். உங்கள் வீட்டில் நீங்கள் ஏதாவது சொல்லி அவள் எதிர்த்துப் பேசினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு என்ன பேசினாள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.